தந்தையார் தத்தையாரான கதை

ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடிக்கும் எங்கள் அப்பாவின் அச்சகத்தில் எந்தப் புத்தகமும் ஒருநாள்கூட முழுசாக இருந்ததில்லை. 9ஆம் பக்கத்தைக் கோக்க ஆரம்பிக்கும்போது முதல் பக்கம் பிரிந்து போயிருக்கும். அதில் இருந்த 'க'வும் 'ம்'மும் யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையிலோ போய் நின்றுகொண்டிருக்கும். கடைசிப் பக்கம் அச்சேறும் நாளில் முந்தின பக்கங்களுக்கெல்லாம் சாட்சி, மூலையில் அடுக்கி வைத்திருக்கும் தாள்கட்டு மட்டும்தான்.

கணினியில் 300 பக்கத்தையும் ஒரே கோப்பாகத் திறந்து வைத்துக்கொண்டு, அட்டை அச்சுக்குப் போகும் அன்று காலை 12ஆம் பக்கத்தில் ஒரு கால்புள்ளியை மாற்றுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். என் மகளே நம்பவில்லை. "அப்ப முன்னாடி பக்கத்துல தப்பு இருந்தா?" என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. எனக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு.

1977. கும்பகோணம். ஒரு 10க்கு 15 டிரெடில் மெஷின், எழுத்தைக் கண்ணறை கண்ணறையாகப் பிரித்து வைக்கும் கேஸ்கள் இரண்டு ரேக் நிறைய, ஈயத்தூள் படிந்த ஒரு கல்மேடை. ஆட்கள் என்று பார்த்தால் அப்பா, எழுத்துக் கோக்கும் கம்பாஸிட்டர் அண்ணன் ஒருவர், மெஷின் மிதிக்க ஒரு பையன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் இவைதான் சோறு போட்டன. வருஷத்துக்கு இரண்டு மூன்று புத்தகம் வரும். அதில் லாபம் இருக்காது. ஆனால் புத்தக வேலை வந்தால் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கடைக்குப் போவார்.

எழுத்து வார்க்கும் ஃபவுண்டரியில் அதை எடைபோட்டுத்தான் விற்பார்கள், புளி மாதிரி. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்த உலோகம். அப்பாவால் வாங்க முடிந்த 12 பாயிண்ட் எழுத்து, கிரௌன் 1/8 அளவில் 8 பக்கத்துக்குக் காணும். அதற்குமேல் ஒரு பாரா நீண்டால் 'ன்' தீர்ந்துவிடும். தமிழில் முதலில் தீர்வது எப்போதும் 'ன்', 'ம்', 'க்', 'து' தான். தீர்ந்தால் கம்பாஸிட்டர் அண்ணன் அந்த இடத்தில் வேறொரு எழுத்தைத் தலைகீழாகச் செருகி வைப்பார். புரூஃபில் அங்கே ஒரு கறுப்புக் கட்டை விழும். பழைய பக்கம் பிரிந்து 'ன்' கைக்கு வந்ததும் கட்டையை எடுத்துவிட்டு அதைப் போடுவார். முந்தின பக்கத்திடம் கடன் வாங்கித்தான் அடுத்த பக்கம் பிழைத்தது.

இங்கிலீஷ் கேஸ் பார்த்தவர்கள் தமிழ் கேஸைப் பார்த்தால் மிரண்டுவிடுவார்கள். அவர்களுக்கு 26 சின்னது, 26 பெரியது, கொஞ்சம் குறிகள், அவ்வளவுதான். நமக்கு 'கா'வில் கால் தனி, 'கை'யில் இணைக்கொம்பு தனி, அதெல்லாம் சரி. ஆனால் கி, கீ, கு, கூ ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. 18 மெய்க்கும் இந்த நாலு வரிசையைப் போட்டாலே 72 கண்ணறை. புள்ளி வைத்தது 18, வைக்காதது 18. கிரந்தம் வேறு. கம்பாஸிட்டர் அண்ணன் இந்த நூற்றுச் சொச்சம் கண்ணறையையும் பார்க்காமலே எடுப்பார். இடது கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக், வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் கோழி கொத்துகிற மாதிரி போய்ப் போய் வரும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். கட்டைவிரல் அந்தப் பள்ளத்தைத் தடவித்தான் எது மேல், எது கீழ் என்று தெரிந்துகொள்ளும். கண் கையெழுத்துப் பிரதியில், விரல் ஈயத்தில். எழுத்தோ இடவல மாறி, தலைகீழாக நிற்கும். அதை அவர் செய்தித்தாள் மாதிரி படிப்பார்.

என் வேலை பிரித்துப் போடுவது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு கேலி, அதாவது கோத்த எழுத்து நிற்கும் ஒரு தட்டு, பிரித்தால் 10 காசு. அச்சடித்து முடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கயிற்றை அவிழ்த்து, நாலைந்து வரியைக் கையில் அள்ளிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் படித்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் கண்ணறையில் விடவேண்டும். டிக், டிக், டிக் என்று விழும். கோப்பதைவிட இது லேசு என்று எல்லோரும் நினைப்பார்கள். கோக்கிறவன் செய்த தப்பு புரூஃபில் தெரிந்துவிடும். பிரிக்கிறவள் செய்த தப்பு கேஸுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, எப்போது எழுந்திருப்பது என்று காத்திருக்கும்.

பக்கங்களைக் கல்லில் அடுக்கிச் சட்டத்துக்குள் பூட்டுவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. எங்கள் டிரெடிலில் ஒரு தடவைக்கு 4 பக்கம். தாளின் ஒரு முகத்தில் 1, 8, 4, 5. மறுமுகத்தில் 2, 7, 3, 6. ஒன்றும் எட்டும் நேராக நிற்கும். நாலும் ஐந்தும் அவற்றின் தலையோடு தலை முட்டிக்கொண்டு தலைகீழாக நிற்கும். தாளை இரண்டு முறை மடித்தால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். "பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டையும் கூட்டு. ஒம்பது வரலைன்னா பூட்டாதே" என்பார் அப்பா. ஒரு தாளை மடித்தால் வரும் பக்கங்கள் மொத்தமும் ஒரு பாரம். 16 பக்க பாரம் என்றால் கூட்டுத்தொகை 17. நான் கூட்டல் கற்றது அந்தக் கல்லில்தான்.

அதனால்தான் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தைப் பற்றிப் படித்தபோது, எல்லோரும் ஆச்சரியப்படுகிற விஷயத்தை விட்டுவிட்டு என் மனசு வேறொன்றில் போய் நின்றது. 1578 அக்டோபர் 20, கொல்லம், 'தம்பிரான் வணக்கம்', அண்டிரிக்கி அடிகளார் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். மொத்தம் 16 பக்கம். சரியாக ஒரு பாரம்! அவர்கள் எப்படி மடித்தார்களோ, அது வேறு. இருந்தாலும் "ஒரு பாரத்துல முடிச்சுட்டாங்க" என்று ஒரு அச்சகக்காரர் மகளுக்குத் தோன்றாமல் இருக்குமா? அந்தப் புத்தகத்திலேயே கோவாவில் 1577இல் வார்த்த எழுத்தையும், கொல்லத்தில் 1578இல் திரும்ப வார்த்த எழுத்தையும் மாதிரிக்கு அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். புது எழுத்து வாங்கினால் அப்பாவும் அப்படித்தான், ஒரு தாளில் அடித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். இப்போது உலகத்தில் இருப்பதாகத் தெரிந்த ஒரே பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு நூலகத்தில்.

போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போனேன். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, 50 வயசுக்கு மேல்தான் அங்கே போகிறேன் என்பது வெட்கம்தான். கடல் காற்று, டேனிஷ் கோட்டை, எல்லாம் பார்த்தோம். எனக்கு வேண்டியிருந்தது அச்சுக்கூடத்தின் கதை. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு லண்டனிலிருந்து ஒரு அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கி, மீட்கப்பட்டு, 1712இல்தான் இயந்திரம் வந்து சேர்ந்தது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். தமிழ் எழுத்து மறுவருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்தது. இங்கிருந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்து அங்கே வெட்டி வார்த்தது.

வந்த எழுத்து பெரிசு. அதுதான் சிக்கல். படிக்கிறவருக்கு எழுத்து பெரிசாக இருந்தால் சௌகரியம். அச்சடிக்கிறவருக்கு அது பேப்பர் பில். எழுத்து கொஞ்சம் தடித்தால் ஒரு புத்தகம் ஒன்றரைப் புத்தகம் ஆகிவிடும், பேப்பரோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வந்தன. புதிய ஏற்பாடு முழுசாக முடிந்தது 1715இல். இடையில் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். அதற்கு ஈயம் எங்கே கிடைத்தது என்றால், லண்டனிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த செஷயர் பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. தேய்ந்துபோன எழுத்தை ஃபவுண்டரிக்குக் கொடுத்து, எடைக்கு எடை கழித்துக்கொண்டு புது எழுத்து வாங்கிவர, துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறிய அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். பக்கத்திலேயே பொறையாறில் காகிதம் செய்யவும் ஒரு ஆலை போட்டார்கள் அந்தப் பாதிரிமார்கள்.

குட்டன்பர்க்கும் இதே பேப்பர் கணக்கில்தான் மாட்டிக்கொண்டார் என்பது எனக்குத் தனி சந்தோஷம். 1455 வாக்கில் மைன்ஸ் நகரத்தில் அடித்த அந்த பைபிளை 42 வரி பைபிள் என்பார்கள். ஆனால் முதலில் அடித்த பக்கங்களில் 40 வரிதான். பிறகு ஒரு பக்கத்தில் 41. அதன்பிறகுதான் 42. பக்கத்துக்கு இரண்டு வரி சேர்த்து இறுக்கினால் இத்தனை தாள் மிச்சம் என்று யாரோ வழியில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கொஞ்சம் ஓடிய பிறகு, இன்னும் அதிகப் பிரதி அடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குள் ஆரம்பப் பக்கங்களின் எழுத்தைப் பிரித்துப் போட்டாயிற்று. வேறு வழியில்லாமல் அந்தப் பக்கங்களை மறுபடி முதலிலிருந்து கோத்தார்கள். அதனால் ஆரம்பப் பக்கங்கள் எல்லாப் பிரதியிலும் ஒன்றுபோல இல்லை. ஆக, அங்கேயும் முழுப் புத்தகம் ஒருநாளும் ஈயத்தில் நின்றதில்லை. எங்கள் கடை தனி இல்லை.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தபோது உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அச்சு நடந்தது சென்னையில். முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டி, ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பதிப்பித்த புத்தகம். அந்தக் காலத்து ஆசிரியர் புரூஃபில் கையெழுத்துப் போடுவதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போட்டால் போட்டதுதான். அடுத்த மாதம் வேறொரு சுவடியில் இன்னும் நல்ல பாடம் கிடைத்தால், அந்தப் பக்கம் இப்போது எங்கேயும் இல்லை. திருத்திய இரண்டாம் பதிப்பு வர 1907 ஆயிற்று. இருபது வருஷம்.

ஓலைக்காரர்களுக்கு வேறு மாதிரி தொல்லை. ஏட்டில் எழுத்தாணியால் கீறுவதால், புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். 'தந்தை'யை எழுதினால் 'தநதை' என்று நிற்கும். எது மெய், எது உயிர்மெய் என்று படிக்கிறவர் பொருள் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதி முடித்ததும் விளக்குக் கரியோடு பச்சிலைச் சாறு சேர்த்துத் தடவினால்தான் கீறலே கண்ணுக்குத் தெரியும். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. ஆனால் ஒன்று. ஏட்டில் ஒருவர் கை தவறினால் அது அந்த ஒரு சுவடியில். மிஞ்சிப்போனால் அதைப் பார்த்து எழுதின சுவடிகளில். பக்கத்து ஊர் மடத்தில் இருக்கும் சுவடி தப்பித்துவிடும். அச்சில் கை தவறினால் 500 பிரதியிலும் அதே தப்பு, அதே இடத்தில், நல்ல கறுப்பு மையில்.

500 என்று சும்மா சொல்லவில்லை.

அந்த 1977 கோடையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் செய்யுள்களைப் புத்தகமாகப் போடக் கொண்டுவந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய சார். 64 பக்கம், 500 பிரதி, வெள்ளைத்தாள் அவரே வாங்கிக் கொடுத்துவிடுவார். வழக்கமாக முகப்பு, முன்னுரை, சமர்ப்பணம் இதையெல்லாம் கடைசியில்தான் அடிப்போம். பெரிய சார் ஒப்புக்கொள்ளவில்லை. "முதல்ல எங்கப்பா, அப்புறம்தான்யா மத்ததெல்லாம்" என்றார். சரி என்று மூன்றாம் பக்கத்தில் சமர்ப்பணத்தைக் கோத்தார்கள். 18 பாயிண்டில், பக்கத்தின் நடுவில், ஒரே வரி. 'என் தந்தையாரின் திருவடிகளுக்கு.'

18 பாயிண்ட் எழுத்து எங்களிடம் கொஞ்சம்தான். பத்திரிகைத் தலைப்புக்கென்று வாங்கியது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கல்யாணப் பத்திரிகையை நான் பிரித்துப் போட்டிருந்தேன். வயசு 10. கையில் 'த்'தும் 'ந்'தும். ஈயத்தில், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி, மை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஒரு 'த்'தை 'ந்' வீட்டுக்குள் விட்டுவிட்டேன்.

'என் தத்தையாரின் திருவடிகளுக்கு.'

தத்தை என்றால் கிளி.

கம்பாஸிட்டர் அண்ணன் பார்த்தார். அப்பா பார்த்தார். பெரிய சார் இரண்டு தடவை புரூஃப் பார்த்து, செய்யுளில் ஒரு சந்திப் பிழையைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினார். இந்த வரியை யாரும் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அவரவர் மனசில் இருந்த தந்தையைத்தான் படித்திருப்பார்கள். 500 ஓடியது. பிரித்தாயிற்று. நானேதான் பிரித்தேன், சமர்த்தாக.

பாதிப் புத்தகம் தாண்டின பிறகு ஒரு மத்தியானம் பெரிய சார் தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவி மடித்துப் பார்த்தார். கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அப்பாவிடம் தாளை நீட்டி, "எங்கப்பா பறந்து போய்ட்டார்யா" என்றார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கம்பாஸிட்டர் அண்ணன் 18 பாயிண்ட் கேஸை இழுத்து 'ந்' கண்ணறையைத் துழாவினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே அழுதுவிட்டேன்.

அந்த 8 பக்கத்தையும் திரும்பக் கோத்து அடிக்கப் பேப்பர் யார் தருவது? அப்பா ஒரு வழி சொன்னார். கட்டிங்கில் விழுந்த வெள்ளைத் துண்டுகளில் அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப அடித்து, பழைய வரிமேல் ஒட்டிவிடுவது. ஒட்டுவது பாப்பா வேலை, அதாவது என் வேலை. கூலி கிடையாது.

பசைக்கு பைண்டர் பாயிடம் அனுப்பினார்கள். அவர் கடையில் எப்போதும் ஒரு தகர டின்னில் மைதாப் பசை கொதித்து ஆறியிருக்கும், வெளிர் நீலமாக. "நீலம் எதுக்குப் பாய்?" என்று முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "மயில்துத்தம்மா. அது இல்லேன்னா மைதாவைப் பூச்சி பாயசமா நெனச்சுச் சாப்ட்டுரும். விஷம், கையை வாயில வைக்காதே." அன்றைக்கு அவர் கடை பூட்டியிருந்தது. ஜும்மா. எனக்கோ அன்றைக்கே ஒட்டி முடித்துப் பாவத்தைக் கழுவிவிட வேண்டும். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் மைதா காய்ச்சித் தரச் சொன்னேன். மயில்துத்தம் என்றதும் அம்மா கரண்டியை ஓங்கினார். "சமையல் பாத்திரத்துல விஷத்தைப் போடச் சொல்றியா?" வெறும் மைதாப் பசைதான். இரண்டு நாள், 500 துண்டு, ஒவ்வொன்றையும் விரல் நகத்தால் நீவி. கோணலாகப் போனது நாற்பது ஐம்பது இருக்கும்.

பெரிய சார் முழுப் பணமும் கொடுத்தார். எனக்கு ஒரு ஃபௌண்டன் பேனாவும். கொடுத்துவிட்டு, "இனிமே ஒன் கையில தப்பு வந்தா அடிச்சுத் திருத்திக்கலாம்" என்றார்.

மறுவருஷம், 1978இல், அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெரியார் 1935இலேயே குடியரசில் அடித்துக் காட்டிய எழுத்துகள்தான் பெரும்பாலும். 13 எழுத்து மாறியது என்று பேப்பரில் போட்டார்கள். கேஸ்காரர்களுக்குக் கணக்கு வேறு. சுழித்து எழுதும் பழைய ணா, றா, னா மூன்று, துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை நாலு. ஆக 7 கண்ணறைதான் காலி. ணொ, றோ எல்லாம் அந்த மூன்றோடு கொம்பைச் சேர்த்துக் கோத்தவைதானே. அப்பா அந்த ஏழு கண்ணறையையும் உடனே கொட்டிவிடவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் பத்திரிகையில் துதிக்கை இல்லாவிட்டால் மங்களகரமாக இல்லை என்பார்கள். பத்து வருஷம் போலப் புதுசும் பழசும் அடுத்தடுத்து ஓடின. அதன்பிறகு ஆப்செட் வந்தது, கணினியில் கோக்கும் டி.டி.பி. வந்தது, கேஸ்கள் மொத்தமாக எடைக்குப் போயின. எடைபோட்டு வாங்கியது, எடைபோட்டே போயிற்று. ஸ்டிக் ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தரங்கம்பாடியிலிருந்து திரும்பும் வழியில் கும்பகோணத்தில் இறங்கி, மகளுக்கு எங்கள் தெருவைக் காட்டினேன். அச்சகம் இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை. அப்படியே நடந்து ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தோம். ஜாதகப் புத்தகங்களுக்கும் கைடுகளுக்கும் நடுவில், முதுகு பழுப்பேறிய ஒரு 64 பக்கப் புத்தகம். கிரௌன் 1/8. அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பைண்டர் பாயின் தையல் ஒரு இழைகூட விடவில்லை. முதுகில் அவர் பசை தடவிய இடமெல்லாம் தாள் சுத்தமாக இருந்தது, ஒரு பூச்சி ஓட்டை கிடையாது.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். நான் ஒட்டிய துண்டில் இரண்டு மூலைகள் மட்டும் பாக்கி. நடுவில் இருந்ததை ராமபாணப் பூச்சி வழித்துத் தின்றிருந்தது. அதன் அடியில், மை கொஞ்சமும் மங்காமல், 18 பாயிண்டில், தத்தையார்.

மகள் வாய்விட்டுப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடைக்காரர் 40 ரூபாய் சொன்னார். நான் பேரம் பேசவில்லை.